கடைசி பெஞ்சு என்றாலே காப்பியடிப்பவனா?

அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். உயரம் அதிகம் என்பதால் எப்போதுமே கடைசி பெஞ்சுதான். குரலும் கொஞ்சம் முரடு. 'ரவுடி' என்று முத்திரை குத்த இது போதாதா?

போன வாரம் கணக்குத் தேர்வில் 91 வாங்கினேன். சார் என் விடைத்தாளையும் பக்கத்தில் இருப்பவன் தாளையும் மேசைமேல் விரித்து, வரிவரியாக விரலை ஓட்டிப் பார்த்தார். அவன் வாங்கியது 54. அப்புறமும் "யாரைப் பார்த்து எழுதினே?" என்றுதான் கேட்டார். வகுப்பே சிரித்தது. (54-ஐப் பார்த்து எழுதி 91 எப்படி வாங்குவது?)

தன்னைப் போன்றவர்களைப் பற்றிய மட்டமான பொதுக்கருத்து மனதில் ஓடினாலே தேர்வில் மதிப்பெண் குறையக்கூடும் என்று 1995-இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் நடக்கிறது. பேனாவை எடுத்தாலே சார் பார்க்கிறாரா என்றுதான் கண் போகிறது.

அடுத்த தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. சாரிடம் தனியாகப் பேசலாமா? 'எதிர்த்துப் பேசுகிறான்' என்று அதையும் கணக்கில் சேர்த்துவிடுவாரோ? அப்பாவைக் கூட்டிப்போனால் இன்னும் பெரிதாகுமோ? இப்படி மாட்டியவர்கள் பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்? முதல் வாக்கியத்தையாவது சொல்லுங்கள்.