குப்பனூர் ரோட்டுக்கு மேலே காட்டைச் சுரண்டியிருக்கிறார்கள். அது காப்புக்காடா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குப்பனூர் மருமகள் கேட்டது:

வணக்கம். நான் சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வீடு குப்பனூர் பக்கம், சேர்வராயன் மலையடிவாரம். ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஆறு ஆடு. ஏற்காட்டுக்கு ஏறுகிற ரோடு எங்கள் திண்ணையிலிருந்தே தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழி தப்பின ஆட்டைத் தேடிக்கொண்டு ஓடையோரமாக மேலே ஏறினேன். துரிஞ்சியும் வெக்காலியும் அடைந்து கிடக்கிற இடம் அது. (துரிஞ்சி என்றால் உசிலை, அரப்பு அரைக்கிற மரம்.) எப்போதும் குனிந்துதான் நுழைய வேண்டும். அன்றைக்கு நிமிர்ந்தே நடந்தேன். ஒரு லாரி போகிற அகலத்துக்குச் சரிவைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பொக்லைன் பல் பதிந்த தடம் மண்ணில் அப்படியே இருந்தது. இருநூறு தப்படி வரை எண்ணிக்கொண்டே போனேன், அதற்கு மேல் பாறை மறித்துவிட்டது.

ஓரத்தில் ஒரு வேங்கையை அடியோடு அறுத்திருந்தார்கள். அறுத்த முகத்தைச் சுற்றிப் பால் வடிந்திருந்தது. சில இடத்தில் ரத்தச் சிவப்பில் ஈரமாகவும், சில இடத்தில் கருத்து இறுகியும் இருந்தது. என் மகள் பிறந்தபோது மாமியார் வேங்கைப் பாலைக் கொட்டாங்குச்சியில் பிடித்து, காய வைத்து, அதைக் குழைத்துத்தான் நெற்றியில் பொட்டு வைத்தார். இந்த மரம்தானா அது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கை வைத்தேன், விரலில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் கோடை மழை ஒன்று பெய்தது. வழக்கமாக முதல் மழைக்கு எங்கள் ஓடையில் சருகு ஊறிய கஷாய நிறத்தில் தண்ணீர் வரும். இந்தத் தடவை செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது மாதிரி வந்தது. வீட்டுக்காரர் கிணற்றில் இறங்கிப் பார்த்தார், முழங்கால் வரை சேறு.

ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காட்டுத்தீ பரவாமல் இருக்க வனத்துறை போட்ட ஃபயர் லைன் என்கிறார் ஒருவர். ரிசார்ட்டுக்கு வழி என்கிறார் இன்னொருவர். மேலே உள்ள ஊருக்கு ரோடு என்றும் பேச்சு. எனக்கு யார் மேலும் பழி போட வேண்டாம். அந்த இடம் காப்புக்காடா, பட்டா நிலமா? அதை எங்கே பார்ப்பது, யாரிடம் எழுதிக் கேட்பது? 14 போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அளவைச் சங்கிலி (ஓய்வு பெற்ற நில அளவர், அம்மாபேட்டை):

தங்கச்சி, போட்டோவைப் பத்திரமாக வையுங்கள். போனில் லொகேஷனை ஆன் செய்து இன்னொரு முறை எடுத்தால் இன்னும் நல்லது, இடம் தானாகப் பதிவாகிவிடும்.

முதலில் ஃபயர் லைன் பேச்சை ஒதுக்கிவிடலாம். அது கோடைக்கு முன்னால், ஜனவரி பிப்ரவரியில் செய்கிற வேலை. புல்லையும் புதரையும் வெட்டி ஒதுக்குவார்கள், சருகைக் கட்டுப்பாடாக எரிப்பார்கள். சரிவில் மண்ணை வெட்டி மட்டம் செய்வதும், வேங்கையை அறுப்பதும் அந்த வேலையில் சேராது.

காப்புக்காடு (ரிசர்வ் ஃபாரஸ்ட்) என்பது 1882 தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ் அரசு அறிவிக்கை செய்த நிலம். அதன் எல்லையில் கற்களைக் குவித்து வரிசை எண் எழுதியிருப்பார்கள். ஓடையிலிருந்து ஏறும்போது அந்தக் குவியல் உங்களுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும். மீதிக்கு, விஏஓவிடம் ‘அ’ பதிவேட்டையும் (எந்தப் புல எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும்) கிராம வரைபடத்தையும் கேட்டு ஒப்பிட வேண்டும். காட்டு நிலத்துக்குப் பட்டா இருக்காது. சுற்றியுள்ள புல எண்களைக் குறித்துக்கொண்டு வந்தாலே எந்தத் துண்டு எது என்று புரிந்துவிடும்.

காப்புக்காடுதான் என்று தெரிந்தால், அதில் ரோடோ கட்டடமோ வர 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். 2023-ல் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது, பெயரையும் மாற்றினார்கள். அதற்காகக் காப்புக்காட்டில் யாரும் நினைத்தபடி பொக்லைன் இறக்கலாம் என்று ஆகிவிடாது. ஒப்புதல் கேட்ட விண்ணப்பங்கள் பரிவேஷ் என்ற அரசுத் தளத்தில் இருக்கும். தேடிப் பாருங்கள். கூடவே மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு). 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் வெட்டினீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘இந்த இடத்தில் மரம் வெட்ட அனுமதி கொடுத்த ஆணையின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். ஏன் என்று கேட்டால் தட்டிக் கழிக்க வழி உண்டு. நகல் கேட்டால், இருக்கிறது அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

மிளகுக்கொடி (ஏற்காடு):

பட்டா நிலமாகவே இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. ஏற்காடு தாலுகா எல்லைக்குள் வந்தால் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டவும் கமிட்டி அனுமதி வாங்க வேண்டும். காப்பிக்கு நிழல் அதிகமாகிவிட்டது என்று நாலு சில்வர் ஓக்கை எடுப்பதற்கே நான் மனுப் போட்டுக் காத்திருந்தவன். அடிவாரம் தாலுகா எல்லைக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் சங்கிலி அண்ணனிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சேறு இறங்கியதில் ஆச்சரியமே இல்லை. நம் மலையில் பாறைமேல் மண் ஒரு போர்வை மாதிரிதான் கிடக்கிறது. சருகும் வேரும் போனால் மழை நேராக மண்ணை அடித்துக்கொண்டு இறங்கும்.

கடுக்காய்க் காடு:

அக்கா, நான் மேலே ஒரு மலையாளி ஊர்க்காரன் (கேரளா இல்ல, இந்த மலையில இருக்குற பழங்குடி). ஊர் பேர் இங்க வேண்டாம். ‘மேலே உள்ள ஊருக்கு ரோடு’ன்னு படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு. எங்களுக்கு ரோடு வேணும்தான். எங்க அம்மாயிய போர்வையில தொட்டில் கட்டி, மூங்கில்ல கோத்து, ராத்திரில தோள் மாத்தி மாத்தித் தூக்கிட்டு இறங்கினவன் நான்.

ஆனா நாங்க கேக்குற ரோட்டுக்கு முறை இருக்கு. 2006 வன உரிமைச் சட்டத்துல ரோடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி மாதிரி வேலைக்குக் காட்டு நிலம் தரலாம்னு இருக்கு. ஒவ்வொண்ணும் 1 ஹெக்டேருக்குள்ள இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்கணும். இந்த மே 1 கிராம சபையில நான் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு ரோட்டைப் பத்திப் பேச்சே வரல. அந்தச் சரிவுலதான் எங்க ஆளுங்க கடுக்காய் பொறுக்குறது. அதை நாங்களே அழிக்கச் சொல்வோமா?

நீங்க எல்லைக் கல் பாக்கப் போறதுன்னா சொல்லுங்க. எங்க சித்தப்பா கூட வருவாரு. அவருக்கு ஒவ்வொரு குவியலும் தெரியும்.

குப்பனூர் மருமகள்:

தம்பி, ஊரில் பேசியதை யோசிக்காமல் எழுதிவிட்டேன், அது தப்புதான். அம்மாயி விஷயம் படித்து ரொம்ப நேரம் எதுவும் ஓடவில்லை.

உங்கள் சித்தப்பாவோடு நேற்று போய் வந்தோம். காலையில் ஏழு மணிக்கே ஏறினோம். கொடி மூடிக் கிடந்த ஒரு குவியலை அவர் கையாலேயே விலக்கிக் காட்டினார். பாசி பிடித்திருந்தது, பாதி எண்தான் படிக்க முடிந்தது. பொக்லைன் தடம் அதற்கு மேலேதான் தொடங்குகிறது. அதாவது காட்டுக்குள். அடுத்த குவியலைத் தேடினால் இடமே காணவில்லை, தடம் போன வழியில் கற்கள் சிதறிக் கிடந்தன. அதையும் போட்டோ எடுத்தேன். வேங்கையின் அடிக்கட்டை மட்டும் இருந்தது, மேல்மரத்தை யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். ஆர்டிஐயை இன்று ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியாகிவிட்டது, ரசீது இருக்கிறது. சங்கிலி அண்ணா சொன்னபடியே நகல்தான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பெருமழைக்கு முன்னால் அந்தத் தடத்தின் குறுக்கே நாங்களே கல் அடுக்கி மண்ணை நிறுத்தலாமா? கிணறு தூர்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

மிளகுக்கொடி (ஏற்காடு):

வேண்டாம் அக்கா. எல்லைக்கு மேலே ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள், நீங்கள்தான் கலைத்தீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். மனுவிலேயே ‘மண் இறங்குவதைத் தடுக்க வனத்துறை தடுப்பு போட வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் நிலத்துக்குள் தாராளமாகச் செய்யலாம். ஓடை நுழைகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி, அதற்கு முன்னால் இரண்டு வரிசை வெட்டிவேர் வையுங்கள். என் தோட்டத்தில் நாற்று நிறைய இருக்கிறது. புதன்கிழமை சேலம் இறங்கும்போது ஒரு சாக்கு எடுத்து வருகிறேன், குப்பனூர் ரோட்டிலேயே வருகிறேன்.