தின் பூல் (லினக்ஸில் வட்டுகளை நிர்வகிக்கும் எல்விஎம் மென்பொருளில், எழுத எழுத மட்டுமே இடம் ஒதுக்கும் பொதுத் தொகுப்பு) நிரம்பி எல்லாம் நின்றுபோன அனுபவம் யாருக்காவது உண்டா?

இரவுப்பணி:
எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்துவிட்டுப் போன பூல். அதன்மேல் மெய்நிகர் கணினிகள். எதற்குள் போய் டிஎஃப் (காலியிடம் காட்டும் கட்டளை) அடித்தாலும் பாதி இடம் காலி என்றே காட்டும். ஒரு நாள் எல்லாம் ஒன்றாக உறைந்து நின்றன. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. எல்விஎஸ் (பூலின் உண்மையான நிலையைக் காட்டும் கட்டளை) அடித்தேன், டேட்டா சதவீதப் பத்தியில் 100.00. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் கிடைக்கக் காத்திருக்கும் 60 விநாடிக் கெடு முடிந்து, எழுதக் காத்திருந்த தரவெல்லாம் பிழையாகத் திரும்பியது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை போட்ட பகுதிகள் ஒவ்வொன்றாக ‘படிக்க மட்டும்’ நிலைக்குப் போயின. அந்த ஒரு நிமிட அமைதி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வட்டுமாற்றி:
தின் பூல் பக்கமே நான் போவதில்லை. என் கதை பிவிமூவ், அதாவது தரவை ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் எல்விஎம் கட்டளை. பழைய வட்டு டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, 61 சதவீதத்தில் மின்சாரம் போய்விட்டது. பாதி இங்கே, பாதி அங்கே! கணினி மறுபடி எழுந்ததும் வேறெதுவும் சேர்க்காமல் வெறுமனே பிவிமூவ் என்று அடித்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்தச் சதவீதம் நகரும் வரை மூச்சு வரவில்லை.

நிதானி:
இரவுப்பணி சொல்வதைக் கேட்டால் தின் பூலே ஏதோ சதி செய்தது போல இருக்கிறது. இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுப்பதுதான் அதன் வேலையே. டிஎஃப் காட்டுவது வாக்கு. எல்விஎஸ் காட்டுவது இருப்பு. எல்விஎம் அமைப்புக் கோப்பில் பூல் எத்தனை சதவீதம் நிரம்பியதும் தானாக விரிவடைய வேண்டும் என்ற வரம்பு இயல்பாக 100 என்றே இருக்கும். அதாவது அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கிறது. அதை 80 ஆக்குங்கள். எல்விஎஸ் காட்டும் மெட்டாடேட்டா (எந்தத் தரவு எங்கே என்ற குறிப்பு) பத்தியையும் பாருங்கள். அது நிரம்பினால் இதைவிட மோசம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை போட்டிருந்தால் அளவைப் பெருக்கலாம், சுருக்குவதை மறந்துவிடுங்கள். ஈடிசி எல்விஎம் அடைவுக்குள் இருக்கும் ஆர்க்கைவை வேறு கணினிக்கும் நகலெடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய அமைப்பு அதில் பதிவாகிறது. ஒருவர் நிறுவல் வட்டை ஓட்டி எங்கள் பிசிக்கல் வால்யூமின் (எல்விஎம்முக்குக் கொடுத்த வட்டின்) தலைப்பை அழித்தபோது, அதிலிருந்த பழைய அடையாள எண்ணைக் கொடுத்து பிவிகிரியேட் (தலைப்பை எழுதும் கட்டளை) செய்துதான் குரூப்பை (வட்டுகளின் தொகுதியை) மீட்டோம். ஆனால் அதில் இருப்பது அமைப்பு விவரம் மட்டுமே. தரவுக்குத் தனியாகக் காப்பு நகல் வேண்டும்.

இரவுப்பணி:
நிதானி, அறிவுரை கேட்டு நான் எழுதவில்லை. வரம்பை 80 ஆக்கினாலும் விரிவடைய குரூப்பில் காலியிடம் இருக்க வேண்டுமே. விஜிஎஸ் (குரூப்பின் நிலையைக் காட்டும் கட்டளை) அடித்தால் விஃப்ரீ, அதாவது காலியிடம், சுழியம். புதிய வட்டைச் சேர்த்து, விஜிஎக்ஸ்டெண்ட் செய்து குரூப்பை விரித்து, பூலைப் பெருக்கி, ஒவ்வொன்றிலும் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டிய பிறகுதான் எழுந்தன. பிறகு பதிவேட்டைப் புரட்டினால் 80, 85, 90, 95 சதவீதம் என்று டிஎம்ஈவென்ட்டி (பூலைக் கண்காணிக்கும் பின்னணி நிரல்) ஒழுங்காக எச்சரித்திருக்கிறது. அந்தப் பதிவு யாருக்கும் மின்னஞ்சலாகப் போகும்படி அமைக்கப்படவே இல்லை.