உட்கார முடியாத இடத்தில் ஒரு கட்டி

முக்கூடல்காரி கேட்கிறார்:

எனக்கு வயது 34. பீடி சுற்றுகிறேன். காலையில் சுளகை மடியில் வைத்துச் சம்மணமிட்டால், கடையில் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை முடியும்வரை எழுந்திருக்க வழியில்லை. தை மாதம் குளிக்கும்போது பெண்ணுறுப்பின் வாயிலுக்கு இடப்பக்கம், கீழ்ப்புறமாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. அப்போது பட்டாணி அளவு, வலியில்லை. இப்போது கொட்டைப்பாக்கு அளவு. சம்மணமிட்டால் விண்ணென்று தெறிக்கிறது. காய்ச்சல் இல்லை. மாமியார், "சூட்டுக் கட்டிதான், சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடு" என்கிறார். வீட்டுக்காரரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று இரவில் தூக்கமும் இல்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை:

முதலில் அந்தச் சுண்ணாம்பைத் தள்ளி வையம்மா. அங்கே இருப்பது மெல்லிய தோல், வெந்துவிடும். சுண்ணாம்பு போட்டுப் புண்ணாகி, கால்களை அகற்றி வைத்தபடி வார்டுக்கு நடந்து வந்த பெண்களுக்கு நானே மருந்து கட்டியிருக்கிறேன்.

நீ சொல்லும் இடத்தைப் பார்த்தால் பார்த்தோலின் என்ற சுரப்பியில் வந்த நீர்க்கட்டி போலிருக்கிறது. வாயிலின் இரு பக்கமும் பட்டாணி அளவில் ஒவ்வொரு சுரப்பி உண்டு. ஈரம் சுரப்பது அதன் வேலை. சுரந்தது வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளேயே தேங்கி வீங்கும். உடற்சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீ உட்கார்ந்து வேலை செய்வதால் வந்ததும் இல்லை, உட்காரும்போது அழுந்துவதால் வலிக்கிறது. உன் வயதில் இந்தச் சுரப்பியில் புற்றுநோய் வருவது மிக அரிது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், சந்தேகம் இருந்தால் மற்றவர்களுக்கும் சிறு சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

அகன்ற பேசினில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, இடுப்பு நனைய 10, 15 நிமிடம் உட்கார். நாளுக்கு மூன்று நான்கு முறை. பிதுக்காதே, ஊசியால் குத்தாதே. காய்ச்சல் வந்தாலோ, சிவந்து நடக்க முடியாமல் போனாலோ அது சீழ்க்கட்டி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மாத்திரை மட்டும் போதாது. வெறுமனே கீறிவிட்டால் வாய் மூடித் திரும்பவும் நிரம்பும். அதனால் சிறு குழாய் வைத்துச் சில வாரம் விடுவார்கள், அல்லது கட்டியைத் திறந்து ஓரத்தைத் தோலோடு தைத்து வழி வைப்பார்கள்.

இதெல்லாம் நான் பார்க்காமல் சொல்வது. ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் மகளிர் பிரிவுக்குப் போ. சர்க்கரையும் பார்த்துவிடு. வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதே, மகளே.

பாபநாசம் வழித்தட ஓட்டுநர்:

தங்கச்சி, எனக்கு வந்தது ஆசனவாயின் ஓரம். தானாக உடைந்து சீழ் வடிந்ததும் தீர்ந்தது என்று வண்டி எடுக்கப் போய்விட்டேன். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி கசிந்து வேட்டி நனைந்தது. பௌத்திரம் என்றார்கள், ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோல்வரை சீழ் வழி விழுந்துவிடுவது. உள்ளே வழி எங்கே போகிறது என்று ஸ்கேன் எடுத்த பிறகுதான் அறுவை செய்தார்கள். இடம் சற்று மாறினாலும் நோய் வேறாகிவிடுகிறது. அதனால் மருத்துவர் கண்ணால் பார்க்கட்டும்.

செவிலியர்:

தம்பி சொல்வது சரி. ஆசனவாய்ப் பக்கம் சீழ் வைத்து உடைந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது, பலருக்கு அது பௌத்திரமாகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் பகுதியில் சீழ் வேகமாகப் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

முக்கூடல்காரி:

அம்மா, திங்கட்கிழமை போனேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தது பெண் மருத்துவர். நீங்கள் சொன்ன நீர்க்கட்டிதான், சீழ் இல்லை. சர்க்கரையும் இல்லை. வெந்நீரைத் தொடர்ந்து பார், இரண்டு வாரம் கழித்து வா, குறையவில்லை என்றால் வழி வைத்துத் தைக்கலாம் என்றார். மாமியார் சுண்ணாம்பைப் பற்றி அவரிடமே கேட்டார். அவர் பொறுமையாக விளக்கிச் சொன்னார்.

இன்று காலை மாமியாரே வெந்நீர் காய்ச்சி பேசினில் ஊற்றினார். விரலை விட்டுப் பார்த்து, "கொஞ்சம் பொறு, பச்சைத் தண்ணீர் விளாவட்டும்" என்றார்.