சேற்றுப்புண்ணுக்கு க்ரீம் போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்வது?

கேள்வி (ஓசூர்வாசி):
வணக்கம். தொழிற்சாலை வேலை, தினமும் பத்து மணி நேரம் சேஃப்டி ஷூ காலிலேயே இருக்கிறது. இடது கால் சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது, ராத்திரி அரிப்பு தாங்க முடியவில்லை. மருந்துக்கடையில் காலைக் காட்டினேன், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது, சரி போய்விட்டது என்று க்ரீமை விட்டேன், பத்து நாளில் மறுபடி வந்தது. இப்படியே மூன்று தடவை. இப்போது பாதத்தின் மேல் பக்கமும் வட்டமாகச் சிவந்திருக்கிறது. அம்மா மருதாணி அரைத்துப் போடச் சொல்கிறார். க்ரீமை மாற்றுவதா, மாத்திரை எடுப்பதா?

பதில் (கால்நடை):
முதலில் அந்த ட்யூபில் பொடி எழுத்தில் என்ன மருந்து போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் சீக்கிரம் அடங்கும், ஆனால் சேற்றுப்புண்ணை உண்டாக்குகிற பூஞ்சை சாகாது, தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு குறைத்துவிடுவதால் அது இன்னும் வசதியாகப் பரவும். எனக்குத் தொடையிடுக்கு வரை ஏறி ஆறு மாதம் அவதிப்பட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஓசூர்வாசி:
பார்த்தேன். குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல் என்று மூன்று இருக்கிறது. சீட்டு எதுவும் கேட்காமல்தான் கொடுத்தார்கள்.

பதில் (மருந்தாளுநர்):
மூன்றில் நியோமைசின் பாக்டீரியாவுக்கு, மைக்கோனசோல் பூஞ்சைக்கு, குளோபெட்டசால்தான் ஸ்டீராய்டு. 2018இல் குளோபெட்டசால் உட்பட பல ஸ்டீராய்டு க்ரீம்களை மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. அதை இனிமேல் தொடாதீர்கள். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடலாம், பயந்துபோய் மறுபடி அதையே தடவிவிடாதீர்கள்.

விரல் இடுக்கோடு நிற்கிற சாதாரண சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீம் போதும். 1% குளோட்ரிமசோல் என்றால் காலை, இரவு இரண்டு வேளை, நான்கு வாரம். 1% டெர்பினாஃபின் பெரும்பாலும் ஒரு வாரத்தில் வேலை செய்யும். லுலிகோனசோல் தினம் ஒரு வேளை, இரண்டு வாரம். அரிப்பு நின்ற அன்றே பூஞ்சை போய்விடுவதில்லை, தோலுக்குள் மிச்சம் இருக்கும், அதனால் சொன்ன நாள் முழுக்கப் போட்டே ஆக வேண்டும். காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, புண்ணைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலும் சேர்த்து மெல்லியதாகத் தடவுங்கள். கொழகொழவென்று அப்பினால் இடுக்கு ஊறிப்போகும். தடவியபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஆனால் உங்களுக்கு ஸ்டீராய்டு போட்டுப் பரவியிருக்கிறது, அதனால் நீங்களாக இன்னொரு ட்யூப் வாங்க வேண்டாம், தோல் மருத்துவரிடமே போங்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவிலும் பார்க்கலாம். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், மாத்திரை தேவையா என்று அவர்கள் சொல்லட்டும். சர்க்கரை நோய் இருந்தாலோ, கால் வீங்கிச் சூடாகிச் சீழ் வைத்தாலோ அன்றைக்கே போக வேண்டும். மருதாணியை வெடித்த தோலில் இப்போது போடாதீர்கள், அதன் நிறம் ஏறிவிட்டால் சிவப்பு குறைகிறதா என்று மருத்துவருக்கே தெரியாது.

பதில் (கால்நடை):
இன்னொன்று, ஷூவைக் கவனிக்காவிட்டால் எந்த க்ரீம் போட்டாலும் திரும்ப வரும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒரு ஜோடி காய ஒரு முழு நாளாவது ஆகும். பருத்தி சாக்ஸ் தினமும் புதிதாக, மதியம் நனைந்துவிட்டால் அப்போதே மாற்ற இன்னொரு ஜோடி. கால் துடைக்கத் தனித் துண்டு. உள்ளாடை போடும் முன் சாக்ஸைப் போட்டுவிடுங்கள், அப்போதுதான் காலில் இருக்கிற பூஞ்சை துணியில் ஒட்டி மேலே போகாது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த ஆறு மாதம் எனக்கு மிச்சமாகியிருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஓசூர்வாசி:
தம்பிக்கும் தொடையில் வட்டமாக இருக்கிறதாம், இப்போது கேட்டபிறகுதான் சொல்கிறான், அவனும் அதே ட்யூபைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறான். சனிக்கிழமை லீவு, இரண்டு பேரும் சேர்ந்தே தோல் மருத்துவரிடம் போகிறோம். ட்யூபையும் கையில் எடுத்துப்போய்க் காட்டுகிறேன். ரொம்ப நன்றி.