வின்டோஸ் 11 ஹோம் போதுமா, கடைக்கு புரோ போடணுமா?

களுவாஞ்சிகுடிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில சின்னதா போட்டோகொப்பி, டைப்பிங் கடை ஒண்டு வெச்சிருக்கன். பழைய மெஷின்ல வின்டோஸ் 10, அதுக்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிட்டு, ப்ரொசசரும் 6வது ஜெனரேஷன், 11 ஏறாது எண்டுட்டாங்க, அதால போன கிழமை புது லெப்டொப் எடுத்தன், 8 ஜிபி ரேம். பெட்டியோட வந்தது வின்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். வித்த கடையில "ஹோம் வீட்டுப் பாவனைக்குத்தான், கடைக்கு எண்டா புரோ போடணும், ஸ்பீடும் கூடும், 3000 தாங்க அழிச்சுப் போட்டுத் தாறன்" எண்டான். நான் செய்யிறது படிவம் நிரப்புறது, ஸ்கூல் பேப்பர் அடிக்கிறது, பாமினி எழுத்துருவிலயும், எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியிற யுனிகோட்லயும். ராவைக்கு வீட்ட இருந்து கடை மெஷினத் திறந்து மிச்ச வேலையப் பாக்கவும் ஆசை. சிங்கிள் லாங்குவேஜ் எண்டா தமிழ் அடிக்க ஏலாதோ எண்டு வேற பயமா கிடக்கு. என்ன செய்யட்டும்?

கல்முனை மெக்கானிக்:
தம்பி, அந்த 3000ஐக் குடுக்காதீங்க. ஹோமும் புரோவும் உள்ளுக்க ஒரே வின்டோஸ்தான், ஸ்பீட் துளியும் கூடாது. புரோவில கூட இருக்கிறது டிஸ்க்கப் பூட்டுற முழு பிட்லொக்கர், மெஷினுக்குள்ள இன்னொரு மெஷின் ஓட்டுற ஹைப்பர்வீ, செட்டிங்ஸ ஒரே இடத்துல கட்டுப்படுத்துற குரூப் பொலிசி, கந்தோர் நெட்வேக்கான டொமைன்ல சேர்க்கிறது, இதெல்லாம் பெரிய கந்தோர்ல நிறைய மெஷின ஒரு சேவரோட கட்டி வெச்சிருக்கிறவங்களுக்குத் தேவை. ரேம் ஹோமுக்கு 128 ஜிபி வரைக்கும் பிடிக்கும், அந்தக் காச சேத்து உங்கட 8ஐ 16 ஆக்குங்க, வித்தியாசம் அதிலதான் தெரியும்.

மறுகா, 3000க்கு ஒறிஜினல் புரோ எங்கால வரும்? மைக்ரோசொப்ட் ஸ்டோர்ல ஹோம்ல இருந்து புரோக்கு ஏற 99 டொலர். அவன் போடப் போறது கிராக், அதாவது களவா லைசன்ஸ் திறக்கிறது, அதுக்கு முதல் வேலையா வைரஸத் தடுக்கிற டிபெண்டர நிப்பாட்டுவான். உங்கட கடையில சனம் அடையாள அட்டை, பேங்க் புத்தகம் எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டுப் போகுது, அந்த மெஷின இப்படித் திறந்து விடலாமா? காசு குடுத்து வாங்கின ஹோம் லைசன்ஸ் மதர்போட்லயே கிடக்கு, எப்ப திரும்ப ஹோம் போட்டாலும் தானா அக்டிவேட் ஆகும்.

வீட்ட இருந்து கடை மெஷினத் திறக்கிற ரிமோட் வேலைக்கு மட்டும் புரோவில வசதி கூடத்தான், வின்டோஸ்ட ரிமோட்டால ஹோம்ல இருந்து மத்த மெஷினுக்குப் போகலாம், ஹோமுக்குள்ள வர ஏலா. அதுக்கு ரஸ்ட்டெஸ்க், இல்லாட்டி குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போடுங்க, ரெண்டும் சும்மா.

அக்கரைப்பற்று ராத்தா:
தம்பி நானும் டைப்பிங் ஆள்தான், அந்தப் பயம் வேணாம். சிங்கிள் லாங்குவேஜ் எண்டா மெனு பாஷைய மாத்த ஏலா, அவ்வளவுதான். செட்டிங்ஸ்ல லாங்குவேஜுக்குப் போய் தமிழச் சேருங்க, தமிழ்99, அஞ்சல் ரெண்டு கீபோட்டும் அதுக்குள்ளயே இரிக்கி. பாமினி எழுத்துரு மட்டும்தான், எந்த எடிஷன்லயும் போடலாம். ஆனா புதுசா அடிக்கிறத யுனிகோட்லயே அடிச்சுப் பழகுங்க. பாமினியில அம்மா எண்டு அடிச்சா உள்ளுக்குக் கிடக்கிறது இங்கிலீஷ் எழுத்து, எழுத்துரு இல்லாத மெஷின்ல திறந்தா எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டுதான் காட்டும், வாங்கிட்டுப் போனவர் திரும்பி வந்து நம்மளத்தான் கேப்பார்.

வாழைச்சேனை:
ஹோமா புரோவா எண்டத உட்டுட்டு இதப் பாருங்க, லெப்டொப் ஆர்ட அக்கவுண்ட்ல கிடக்கு? வின்டோஸ் 11ட 24எச்2 பதிப்பப் புதுசா போட்ட மெஷின்ல மைக்ரோசொப்ட் அக்கவுண்டால உள்ளுக்குப் போனா ஹோம் எண்டாலும் டிஸ்க் தானா பூட்டிக்கொள்ளும் (டிவைஸ் என்கிரிப்ஷன் எண்டுறது இதத்தான்), நமக்குத் தெரியவும் வராது. போன மாரியில என்ட லெப்டொப்புக்குள்ள தண்ணி போய் போட் மாத்தினன், திறந்தா நீலத் திரையில 48 இலக்கச் சாவி கேக்குது. அந்தச் சாவி கிடக்கிறது விக்கக்குள்ள கடைக்காரன் தன்ட ஈமெயில்ல செஞ்சு தந்த அக்கவுண்ட்ல, அவனுக்கு பாஸ்வேட் மறந்து போச்சு. மகள்ட முதல் பிறந்தநாள் படம் எல்லாம் அந்த டிஸ்குக்குள்ள, ஒண்டும் எடுக்க ஏலாமப் போயிட்டு. இன்னமும் அந்த டிஸ்க அலுமாரியில வெச்சிருக்கன்.

களுவாஞ்சிகுடிப் பொடியன்:
வாசிச்ச உடன ஓடிப் போய்ப் பாத்தன், வேற ஒருத்தர்ட ஈமெயில்தான் கிடக்கு, டிவைஸ் என்கிரிப்ஷனும் ஓன். இப்ப என்ன செய்யிற?

கல்முனை மெக்கானிக்:
பதறாதீங்க, உள்ளுக்குப் போக ஏலும்தானே. முதல்ல பைல் எல்லாத்தையும் வெளி ஹாட்டிஸ்க்ல கொப்பி பண்ணுங்க. என்கிரிப்ஷன ஓஃப் பண்ணி முழுசா கழண்டதுக்குப் பிறகு உங்கட சொந்த அக்கவுண்டால ஏறி, பழைய அக்கவுண்டத் தூக்கிட்டு, திரும்ப ஓன் பண்ணுங்க. அப்ப புதுச் சாவி உங்கட அக்கவுண்ட்ல சேரும், பழைய சாவி ஒண்டுக்கும் உதவாது. அதப் பிரிண்ட் எடுத்து வீட்டு உறுதி வெச்சிருக்கிற இடத்துல வைங்க. கழட்டிப் பூட்ட நேரம் எடுக்கும், அதுமட்டும் சார்ஜரக் கழட்டாதீங்க.