கண்டங்கள் பெண்ணுருவில்: ‘ஆளுருவகம்’ என்னும் சொல்

வணக்கம். பழைய ஐரோப்பிய அச்சோவியங்களில் கண்டங்களைப் பெண்களாக வரைந்தார்களே, அந்த வகைப் படங்களுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற நம் உரையாடலில் ‘பிறிதுமொழிதல்’ என்ற பெயரை ஐயா ஒருவர் முன்வைத்திருக்கிறார். அணியிலக்கணத்தில் தேடியது சரி. சொல்தான் பொருந்தவில்லை.

‘பீலிபெய் சாகாடும்’ குறளில் வண்டியும் மயிலிறகும் வருகின்றன. சொல்லவந்தது அரசனைப் பற்றி; ஆனால் குறளில் அவன் பேச்சே இல்லை. சொல்லவந்ததைச் சொல்லாமல் உணர்த்துவது பிறிதுமொழிதல். இந்தப் படங்களோ வெளிப்படையாகவே பேசுகின்றன. மார்ட்டன் டி வோஸ் வரைய, அட்ரியான் கொலார்ட் செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தைப் பாருங்கள். வில்லும் கோடரியும் ஏந்திய பெண் ஒருத்தி அர்மடில்லோ என்னும் கவச ஓடுள்ள விலங்கின் மேல் அமர்ந்திருக்கிறாள். பூனையளவு விலங்கு அங்கே குதிரையளவு பெருத்திருக்கிறது! கீழே ‘அமெரிக்கா’ என்று பெயரையே பொறித்துவிட்டார்கள். அவளே நிலம், நிலமே அவள். உவமையும் பொருளும் ஒன்றாகிவிட்டால் அது உருவகம்தானே? வெறும் ‘உருவகம்’ என்றால் செய்யுள் அணியோடு குழம்பும். ஆகவே ‘ஆளுருவகம்’ என்கிறேன்.

‘நிலமகள்’ என்ற பரிந்துரையும் வந்தது. அழகான சொல்; ஆனால் இரண்டு தடைகள். ஐரோப்பா, ஆசியா இரண்டும் பெண்களால் பெயர் பெற்றவை என்று காட்டித்தான் 1507இல் நிலப்படம் வரைந்த வால்ட்சேமுல்லர் குழுவினர் கடலோடி அமெரிகோ வெஸ்பூச்சியின் பெயரைப் பெண்பாலாக்கி ‘அமெரிக்கா’ என்றார்கள். கண்டம் பெண் என்பது சரி. ஆனால் அதே மரபில் நைல் ஆறு தாடி வைத்த கிழவர். ‘மகள்’ அவரை விட்டுவிடும்.

இரண்டாவது தடைதான் எனக்குப் பெரிது. ஸ்ட்ராடானஸ் வரைந்த படத்தில் வெஸ்பூச்சி முழு உடையோடு, கொடியும் அஸ்ட்ரோலேப் என்னும் விண்மீன் அளக்கும் கருவியும் ஏந்தி நிற்கிறார். அமெரிக்கா ஆடையின்றித் தூளியிலிருந்து எழுகிறாள். பின்னால் சிலர் மனிதக் காலைத் தீயில் வாட்டுகிறார்கள். ‘நிலமென்னும் நல்லாள்’ என்று வள்ளுவர் சொல்லும்போது அதில் மதிப்பு இருக்கிறது. இந்தப் படத்தில் இருப்பது வெற்றி கொண்டவனின் பார்வை. இதற்கு ‘நிலமகள்’ என்று பெயரிட்டால் அந்த இழிவை நாமே மூடிமறைத்தவர்களாவோம்.

இந்த உருவங்களின் கையில் இருப்பவற்றுக்கு ‘ஏந்துபொருள்’ என்ற சொல் போதும். வேலைக் கண்டு முருகனை அறிவதுபோல, 1570இல் வெளிவந்த ஓர்ட்டேலியஸ் நிலப்படத் தொகுப்பின் முகப்பில் தூபக்கலத்தைக் கண்டு ஆசியாவை அறிகிறோம். அதே முகப்பில் தென்திசையின் அறியப்படாத நிலம் வெறும் மார்பளவுச் சிலையாக நிற்கிறது. அதை ‘அரை ஆளுருவகம்’ எனலாமா? சிற்பம் பயின்றவர்கள் சொல்லுங்கள்.