பொருள்: மறு: சொட்டு மருந்துக்குப் பின் கண்மூலையை அமுக்குவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) பற்றிய கையேட்டு வரைவைப் படித்தேன். சொட்டு மருந்து விட்டதும் இமையை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடிக்கச் சொல்வார்களே, அதற்குக் 'கண்முனை அழுத்தம்' என்று போட்டிருக்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். கண் அழுத்தத்தைக் குறைக்கத்தான் மருந்தே தருகிறார்கள். அதே தாளில் 'அழுத்தம் கொடுக்கவும்' என்று படிக்கும் பெரியவர் விழியையே அமுக்கிவிட்டால்?

'கண்ணீர்த்துளை அடைப்பு' என்றும் ஒரு பரிந்துரை வந்தது. ஆனால் கைக்குழந்தைக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால் 'கண்ணீர்க் குழாய் அடைப்பு' என்கிறோம். அடைப்பு என்றாலே நம் காதில் நோயாகத்தான் விழுகிறது.

என் பரிந்துரை: விரல்மூடல்.

எதற்காக மூடுகிறோம் என்று பார்த்தால் சொல் பொருந்துவது தெரியும். மேலிமை, கீழிமை இரண்டின் உள்மூலையிலும் ஒவ்வொரு கண்ணீர்த்துளை உண்டு. இமைக்க இமைக்க மருந்து அதன் வழியே மூக்குக்குள் இறங்கும். மூக்கின் சவ்விலிருந்து நேரே இரத்தத்தில் கலந்துவிடும். விழுங்கிய மாத்திரையைப் போல முதலில் கல்லீரலைக் கடப்பதில்லை. கண் அழுத்தத்தைக் குறைக்கத் தரும் டிமோலால் என்ற சொட்டு மருந்து இப்படிக் கலந்தால் நாடித்துடிப்பு குறையலாம், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு இறுகலாம். துளையை விரலால் மூடினால் மருந்து கண்ணில் தங்கும், உடம்புக்குள் போவது குறையும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருப்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதும் கையேட்டில் தடித்த எழுத்தில் வரட்டும். விரல்மூடல் அதற்கு ஈடாகாது.

—

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் தனியே படித்தால் எதை மூடுவது என்று புரியாதே? வறண்ட கண்ணுக்குத் துளையில் சிலிக்கோன் வைத்து மூடுகிறார்களே, அதோடும் குழம்பும்.

—

அம்மா, நியாயமான கேள்வி. முதலில் வரும் இடத்தில் 'கண்ணீர்த்துளை விரல்மூடல்' என்று முழுதாக எழுதுவோம், பிறகு 'விரல்மூடல்' போதும். சிலிக்கோன் பொருளுக்குத் 'துளைச்செருகி' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கையேட்டுக்கான வரிகளை இப்படி மாற்றலாம்:

"கையைக் கழுவுங்கள். கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கண் அதற்கு மேல் கொள்ளாது. குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. கண்ணை மூடி இரண்டு நிமிடம் கண்ணீர்த்துளை விரல்மூடல் செய்யுங்கள். விழியை அமுக்காதீர்கள். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள். பார்வை நன்றாக இருக்கிறதே என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்."

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.